மொரிஸ் கொடுத்த வாக்கு

2024 இல் 'கிங்டம் ஒஃப் த பிளனட் ஒஃப் த ஏப்ஸ்' படம் வந்ததிலிருந்து அதன் ரசிகர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: அடுத்த பாகம் என்ன? வெளிநாட்டு ரசிகர்கள் மட்டுமல்ல, நம்மூர்ப் பொடியன்மாரும் இதைத்தான் பேசுகிறார்கள். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இடைவேளையில் பேசுகிறார்கள். ஆசிரியர் அறையில் தேநீரோடு நாமும் பேசுகிறோம்.

பேச்சைக் கவனித்தால் மூன்று கட்சிகள் தெரிகின்றன. பழைய 1968 படத்தோடு கதையைக் கொண்டுபோய் முடிச்சுப் போட வேண்டும் என்பது முதலாவது கட்சி. சீசரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது இரண்டாவது. மனிதருக்கும் குரங்குகளுக்கும் இறுதி யுத்தம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்பது மூன்றாவது.

நமது கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்த மூன்றும் படத்தை ஓட வைக்கலாம், ஆனால் 2011 இல் தொடங்கிய கதை நம்மிடம் கேட்டுவைத்த கேள்விக்கு இவற்றில் பதில் இல்லை. ஒரு நல்ல தலைவன் மௌத்தான பிறகு அவன் சொன்ன சொல் யார் கைக்குப் போகிறது? அடுத்த படம் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

(இன்னும் பார்க்காதவர்கள் கவனிக்க: கீழே கதை முழுவதும் வருகிறது.)

முதலில் கொஞ்சம் பின்னணி. இந்தக் கதையை எழுதியவர் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர். மலாயாவில் இறப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தவர், இரண்டாம் உலகப் போரில் கைதியாகச் சிறையில் இருந்தவர். நாவல் வெளிவந்தது 1963 இல். அவருடைய இன்னொரு நாவல் நமக்கு இன்னும் நெருக்கம். 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' 1957 இல் படமானபோது அந்தப் பாலத்தைக் கட்டியது நமது கித்துல்கலையில், களனி கங்கைக்கு மேலே. அந்தப் படத்துக்குத் திரைக்கதை எழுதியவர்களில் ஒருவர் மைக்கல் வில்சன். கம்யூனிஸ்ட் என்ற சந்தேகத்தில் ஹொலிவூட் அவரைக் கறுப்புப் பட்டியலில் போட்டிருந்தது. அதனால் அவர் பெயர் திரையில் வரவில்லை. திரைக்கதைக்கான ஒஸ்கார், திரைக்கதையை எழுதாத பூலின் பெயருக்குப் போனது. வில்சனுக்குரிய கௌரவம் அவர் இறந்த பிறகுதான் கிடைத்தது.

அதே மைக்கல் வில்சன்தான் ரொட் சேர்லிங்கோடு சேர்ந்து 1968 ஆம் ஆண்டின் முதலாவது 'பிளனட் ஒஃப் த ஏப்ஸ்' படத்துக்குத் திரைக்கதை எழுதினார். அதில் ஒரு விசாரணைக் காட்சி வரும். பேசத் தெரிந்த மனிதன் கண்முன்னே நிற்கிறான். நீதிபதி ஆசனத்தில் இருக்கும் மூன்று ஒராங்குட்டான்களில் ஒன்று கண்ணைப் பொத்துகிறது, ஒன்று காதைப் பொத்துகிறது, ஒன்று வாயைப் பொத்துகிறது. உண்மையை யார் வைத்திருக்கிறார்கள், யார் மறைக்கிறார்கள் என்ற கேள்வி இந்தக் கதைக்குள் அன்றிலிருந்தே இருக்கிறது.

1968 படத்துக்குப் பிறகு 1973 வரை நான்கு தொடர்ச்சிகள் வந்தன. பிறகு 2001 இல் டிம் பேர்ட்டன் புதிதாக ஒன்றை எடுத்தார். சுமார் 36 கோடி டொலர் வசூல். ஆனாலும் அடுத்த பாகம் வரவில்லை. காரணம் லேசானது. ஒப்பனை பிரமாதம், முடிவில் ஒரு திடுக்கிடல், ஆனால் வெளியே வந்தபோது மனதில் தங்குவதற்கு ஒரு பாத்திரம்கூட இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று கேட்க யாருக்கும் ஆசை வரவில்லை.

2011 இல் வந்த 'ரைஸ் ஒஃப் த பிளனட் ஒஃப் த ஏப்ஸ்' இதை அப்படியே திருப்பிப் போட்டது. கதையைக் குரங்கின் பக்கத்திலிருந்து தொடங்கியது. மறதி நோய்க்கு மருந்து தேடும் ஒரு விஞ்ஞானி, அந்த மருந்தால் அறிவு கூடிய தாய்க்குப் பிறந்த ஒரு சிம்பன்சிக் குட்டி. வீட்டில் பிள்ளை மாதிரி வளர்ந்த சீசர், கூண்டுக்குள் அடைக்கப்பட்ட பிறகுதான் தான் யார் என்று அறிகிறான். அடிக்க ஓங்கிய கையைப் பிடித்துக்கொண்டு அவன் முதன்முதலில் வாய் திறந்து 'நோ' என்று சொல்லும் இடம் இருக்கிறதே, அந்த ஒரு சொல்லில்தான் இந்தப் புதிய வரிசை முழுவதும் நிற்கிறது.

இங்கே ஒரு விடயம். 'இது குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று பிள்ளைகளுக்கு ஊட்டும் படம், இதைப் பற்றி ஆசிரியர்கள் பேசலாமா?' என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். படத்தைப் பார்த்தால் இந்தக் கேள்வி வராது. இந்தக் கதையில் குரங்குக்கு அறிவு வருவது மனிதன் தன் ஆய்வுகூடத்தில் செய்த மருந்தால். மனிதகுலம் அழிவதும் அதே மருந்திலிருந்து கிளம்பிய வைரஸால். மனிதனின் அவசரத்தையும் பேராசையையும் பற்றிய கதை இது. உயிரியல் பாடம் இதில் இல்லை.

2014 இல் 'டோன்', 2017 இல் 'வோர்'. இரண்டையும் இயக்கியவர் மெட் ரீவ்ஸ். சீசராக நடித்தவர் அன்டி சேர்கிஸ். அவருடைய முகத்தின் ஒவ்வோர் அசைவையும் கெமராவில் பிடித்து, கணினியில் சிம்பன்சியாக மாற்றினார்கள். அந்த நடிப்புக்கு ஒஸ்கார் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை என்பது ரசிகர்களின் தீராத ஆதங்கம். நமக்கும்தான்.

சரி, மூன்று கட்சிகளுக்கும் வருவோம்.

*முதலாவது கட்சி: 1968 உடன் இணைக்க வேண்டும்*

2011 படத்தில் செவ்வாய்க்குப் போன ஒரு விண்கலம் பற்றித் தொலைக்காட்சியில் ஒரு செய்தி ஓடும். பிறகு அது காணாமற்போனதாகப் பத்திரிகைத் தலைப்பு ஒன்று வரும். அதன் பெயர் இக்காரஸ். 1968 படத்தின் விண்கலத்துக்கு ரசிகர்கள் வைத்திருந்த பெயரும் அதுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு பாகத்திலும் 'இந்த முறை இக்காரஸ் வந்திறங்கும்' என்று ஒரு கூட்டம் காத்திருக்கிறது.

அது வந்தால் என்ன நடக்கும்? 1968 படத்தின் முடிவு உலகத்துக்கே தெரியும். கடற்கரை மணலில் புதைந்து கிடக்கும் சுதந்திர தேவி சிலை. 3978 ஆம் ஆண்டில் மனிதன் பேச்சிழந்த மிருகம், குரங்கு எஜமான். இக்காரஸ் வந்திறங்கிய நிமிடமே கதையின் முடிவு எழுதப்பட்டுவிடும். நோவா என்ற இளம் சிம்பன்சியும் மே என்ற பெண்ணும் எவ்வளவு பாடுபட்டாலும் கடைசியில் வரப்போவது அந்தச் சிலைதான் என்று நமக்குத் தெரிந்துவிடும். முடிவு தெரிந்த பரீட்சைக்குப் பிள்ளை ஏன் படிக்க வேண்டும்?

பழைய கதையோடு முடிச்சுப் போடும்போது ரசிகனுக்குக் கிடைப்பது 'ஆ, இது எனக்குத் தெரியும்' என்ற ஒரு நிமிடச் சந்தோசம். அதற்காக, விதி மாறலாம் என்ற எதிர்பார்ப்பையே விற்க வேண்டி வரும். நமக்கு அது நட்டமான வியாபாரமாகப் படுகிறது.

*இரண்டாவது கட்சி: சீசரைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்*

இதில் உள்ள பாசம் நமக்கும் புரிகிறது. 'வோர்' படத்துக்கும் 'கிங்டம்' படத்துக்கும் இடையில் பல தலைமுறைகள் கடந்துவிட்டன. அந்த இடைவெளியில் ஒரு கதை வைக்கலாம், சீசரின் மகன் கொர்னேலியஸின் கதையைச் சொல்லலாம், பழைய நினைவாகச் சீசரைக் காட்டலாம் என்கிறார்கள்.

இதற்குப் பின்னால் கணக்கும் இருக்கிறது. 'டோன்' சுமார் 71 கோடி டொலர் வசூலித்தது. 'கிங்டம்' 40 கோடியைத் தொடவில்லை. வசூல் குறைந்தால் தயாரிப்பாளர்களுக்குப் பயம் வரும். பயம் வந்தால் பழைய முகத்தைத் தேடுவார்கள். 'டேர்மினேட்டர்' கதையில் இதைக் கண்டோம். 2015 இல் 'ஜெனிசிஸ்' என்று மூன்று படங்களுக்குத் திட்டம் போட்டுத் தொடங்கினார்கள், ஒன்றோடு நின்றது. 2019 இல் பழைய நடிகர்களை எல்லாம் கூட்டிவந்து 'டார்க் ஃபேட்' எடுத்தார்கள், அதுவும் நட்டம். பழைய முகம் வந்தால் பழைய அன்பும் கூடவே வரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

சீசர் விடயத்தில் இன்னொன்றும் உண்டு. அவன் இல்லாததுதான் இப்போது கதை. அவன் திரும்பி வந்து 'நான் சொன்னது இதுதான்' என்று விளக்கம் கொடுத்துவிட்டால் எல்லாப் பிரச்சினையும் ஒரே காட்சியில் தீர்ந்துவிடும். வாழ்க்கையில் அப்படி யாரும் திரும்பி வந்து நமக்கு விளக்கம் தருவதில்லை. விட்டுச் சென்ற சொல்லை வைத்துக்கொண்டு நாமேதான் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

*மூன்றாவது கட்சி: இறுதி யுத்தம்*

'கிங்டம்' முடிவில் மே எடுத்துச் சென்ற கருவியால் மனிதர்களின் செய்மதித் தொடர்பு மீண்டும் உயிர் பெறுகிறது. பூமியின் வேறோர் இடத்திலிருந்து மனிதக் குரல் பதில் சொல்கிறது. ஆகவே அடுத்தது யுத்தம்தான் என்று இவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. கதை அந்தப் பக்கம்தான் முகம் திருப்பி நிற்கிறது.

ஆனால் யுத்தம் எப்படித் தொடங்குகிறது என்பதை இந்த வரிசை ஏற்கெனவே மிக நேர்மையாகக் காட்டிவிட்டது. 'டோன்' படத்தை நினைத்துப் பாருங்கள். சீசருக்கும் மல்கம் என்ற மனிதனுக்கும் இடையில் ஒரு நம்பிக்கை துளிர்க்கிறது. நகரத்துக்கு மின்சாரம் எடுக்க மனிதருக்கு அணைக்கட்டு வேண்டும், அது குரங்குகளின் காட்டில் இருக்கிறது. பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். மல்கமின் மகன் ஒரு புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒராங்குட்டான் மொரிஸோடு உட்கார்ந்திருக்கிறான்.

அந்த நம்பிக்கையைக் கெடுத்தவன் கோபா. ஆய்வுகூடத்தில் ஆண்டுக்கணக்காகச் சித்திரவதைப்பட்டவன். 'மனிதரின் வேலைகளைச் செய்ய விடுவோம்' என்று சீசர் சொல்லும்போது, தன் உடம்பிலுள்ள தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி 'இதுதான் மனிதரின் வேலை' என்கிறான். நம் பிள்ளைகளில் பலருக்குக் கோபாவைத்தான் பிடித்திருக்கிறது. ஏன் என்று கேட்டால் 'அவன் சொல்வது உண்மைதானே சேர்' என்கிறார்கள்.

உண்மைதான். அவனுடைய வலி பொய் இல்லை. ஆனால் அவன் செய்தது என்ன? மனிதரின் துப்பாக்கியைத் திருடிச் சீசரைத் தானே சுட்டான். மனிதர்கள் சுட்டுவிட்டார்கள் என்று கத்தினான். நெருப்பு வைத்தான். அந்த ஒரு பொய்யை நம்பி ஓர் இனமே ஆயுதம் தூக்கிக்கொண்டு நகரத்துக்குள் இறங்கியது. ஒரு வதந்தி ஓர் இரவுக்குள் என்ன செய்யும் என்பதை விளங்க இந்த நாட்டில் வாழும் நமக்கு அமெரிக்கப் படம் தேவையில்லை. இருந்தாலும் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்த இதைவிட நல்ல காட்சி கிடைப்பது கஷ்டம். வலி உண்மையாக இருக்கலாம். அந்த வலியை வைத்துச் சொன்ன பொய், பொய்தான்.

'வோர்' படத்தில் சீசரே இந்த நெருப்புக்குள் விழுகிறான். மனைவியும் மூத்த மகனும் கொல்லப்பட்ட பிறகு பழிவாங்கக் கிளம்புகிறான். நீ கோபாவைப் போல மாறுகிறாய் என்று அவனிடம் முகத்துக்கு நேரே சொன்னவன் மொரிஸ். கடைசியில் எதிரி கையில் அகப்பட்டபோது சீசர் அவனைச் சுடவில்லை. அந்த இடத்தில்தான் அவன் தலைவனானான் என்று நாம் நினைக்கிறோம்.

ஆகவே இன்னொரு பெரிய யுத்தம் வந்தால், முன்பு பார்த்ததையே இன்னும் பெரிய வெடிச் சத்தத்தோடு திரும்பப் பார்ப்போம். அவ்வளவுதான்.

*அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்?*

மொரிஸ் யார் என்பதில் இருந்து தொடங்குவோம். கூண்டுக்குள் சீசருக்குக் கிடைத்த முதல் நண்பன். 'டோன்' தொடக்கத்தில் காட்டுக்குள் குட்டிகளை உட்கார வைத்துப் பாறையில் எழுதிப் படிப்பிக்கிறான். குரங்கு குரங்கைக் கொல்லக் கூடாது என்பது அங்கே எழுதப்பட்ட பாடங்களில் ஒன்று. அதாவது அவன் ஒரு வாத்தியார். அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் கேரின் கொனோவல் என்ற பெண் என்பது பலருக்குத் தெரியாது.

'வோர்' முடிவில் ஏரிக்கரையில் சீசர் மௌத்தாகும்போது பக்கத்தில் இருப்பவன் மொரிஸ். உன் தகப்பன் யார், நமக்காக என்ன செய்தான் என்பதை உன் மகன் அறிந்துகொள்வான் என்று வாக்குக் கொடுக்கிறான். ஒரு வாத்தியார் கொடுக்கக்கூடிய வாக்கு அதுதான். யுத்தத்தில் வெல்வேன் என்றோ, ராஜ்யம் கட்டுவேன் என்றோ அவன் சொல்லவில்லை. சொல்லிக் கொடுப்பேன் என்றான்.

பல தலைமுறைகள் கழித்து அந்த வாக்குக்கு என்ன நடந்தது என்பதுதான் 'கிங்டம்'. நோவா ஒரு நல்ல பிள்ளை, நல்ல கூட்டத்தில் வளர்ந்தவன். ஆனால் சீசர் என்ற பெயரே அவனுக்குத் தெரியாது. இன்னொரு பக்கம் ப்ரொக்ஸிமஸ். அவன் தன் பெயரையே சீசர் என்று ஆக்கிக்கொண்டான். குரங்குகள் ஒன்றுசேர்ந்தால் பலம் என்ற சீசரின் சொல்லை மேடையில் நின்று முழங்குகிறான், கூட்டம் திருப்பி முழங்குகிறது. அதே சொல்லை வைத்து மற்றக் கூட்டங்களின் ஊரை எரிக்கிறான், பிடித்து வந்து அடிமை வேலை வாங்குகிறான். கூண்டில் அடைபட்டவர்களை விடுவிக்கச் சொன்ன சொல், கூண்டில் அடைப்பதற்குப் பயன்படுகிறது. சொல்லில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை.

மூன்றாவதாக ராக்கா. இதுவும் ஓர் ஒராங்குட்டான், மொரிஸின் வழியில் வந்தவன். சீசர் இரக்கத்தைப் பற்றியும் சொன்னான் என்பதை அறிந்த கடைசி ஆள் அவன்தான் போலிருக்கிறது. புத்தகங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறான், ஆனால் வாசிக்கத் தெரியாது. ஒரு மனிதப் பெண்ணைக் காப்பாற்றப் போய் ஆற்றோடு போய்விடுகிறான்.

ஆக, ஒருவன் அறியாதவன், ஒருவன் திரித்தவன், ஒருவன் காத்தவன். காத்தவன் போய்விட்டான், திரித்தவனும் செத்துவிட்டான். மிச்சம் இருப்பது அறியாதவனும் அவன் கையில் வந்து சேர்ந்த ஒரு பதக்கமும்.

படத்தின் கடைசிச் சந்திப்பை மறக்க முடியாது. மே விடைபெற வருகிறாள். முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி. அவள் பொய் சொன்னவள், குரங்குகள் உள்ளே இருக்கும்போதே வெள்ளத்தைத் திறந்துவிட்டவள். ஆனால் தன் இனம் பேச்சிழந்து கிடக்கும்போது அவளும் வேறென்ன செய்வாள்? நோவாவுக்கு அவளில் முழு நம்பிக்கை இல்லை. இருந்தும் ராக்காவின் பதக்கத்தை, சீசரின் அடையாளத்தை, அவள் கையில் கொடுக்கிறான். அவள் சுடவில்லை. இருவரும் சேர்ந்து வாழ முடியுமா என்ற கேள்வி பதில் இல்லாமல் நிற்கிறது.

அடுத்த படம் இங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதுதான் நமது வாதம். நோவா தன் கூட்டத்துப் பிள்ளைகளுக்குச் சீசரைப் பற்றி என்ன சொல்லப் போகிறான்? மே தன் ஆட்களிடம் நோவாவைப் பற்றி என்ன சொல்லப் போகிறாள்? ப்ரொக்ஸிமஸின் முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த கூட்டம் நாளைக்கு யார் பின்னால் போகும்? யுத்தம் வருவதும் வராமல் போவதும் இந்தக் கேள்விகளில்தான் தங்கியிருக்கிறது.

இது நாம் புதிதாகக் கண்டுபிடித்த ஆசையும் இல்லை. பழைய வரிசையே இந்த இடத்தில்தான் வந்து நின்றது. 1972 இல் வந்த 'கொன்குவெஸ்ட்' படத்தில் அடிமைக் குரங்குகள் கிளர்ந்தெழுகின்றன. முதலில் எடுத்த முடிவு பழிவாங்கும் கொலையோடு முடிந்தது. முன்னோட்டமாகப் பார்த்தவர்கள் அதிர்ந்ததால், இரக்கம் காட்டும் வசனத்தைப் பிறகு சேர்த்து முடிவையே மாற்றினார்கள். 1973 இல் வந்த கடைசிப் படமான 'பெட்டில்' கதையைச் சொல்பவர் ஒரு முதிய ஒராங்குட்டான் ஆசான். ஆண்டு 2670. அவர் முன்னால் குரங்குப் பிள்ளைகளும் மனிதப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்து கதை கேட்கிறார்கள். கடைசியாக, சீசரின் சிலையின் கண்ணில் ஒரு துளி நீர் வழிகிறது. அது சந்தோசக் கண்ணீரா துக்கக் கண்ணீரா என்று ரசிகர்கள் 50 வருடங்களுக்கு மேலாக விவாதிக்கிறார்கள்.

அந்தப் படம் குறைந்த செலவில் எடுக்கப்பட்டது. ஒப்பனையும் சண்டையும் இன்று பார்த்தால் சிரிப்பு வரும். ஆனால் அந்த வகுப்பறையை இன்றைய வரிசையில் ஒருவரும் இன்னும் தொடவில்லை. இன்றைய தொழில்நுட்பமும் இன்றைய பொறுமையும் சேர்ந்து அங்கே போய்ச் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குரங்குக் குட்டிக்குப் பக்கத்தில் மனிதக் குட்டி, முன்னால் மொரிஸின் வழி வந்த ஒருவர். அங்கே போய்ச் சேர முடியுமா, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதைச் சொல்ல ஒரு படம் போதாது. இரண்டு மூன்று எடுத்தாலும் நாம் பொறுமையாகப் பார்ப்போம்.

'ரசிகன் கேட்டு ஹொலிவூட் எடுக்கவா போகிறது?' என்று சிலர் சிரிக்கலாம். எடுக்காமலும் போகலாம். ஆனால் நாம் எதைக் கேட்கிறோம் என்பதில் நாம் யார் என்பது தெரியும். வெடிச் சத்தத்தை மட்டும் கேட்கிற பிள்ளை ஒரு மாதிரி வளர்கிறான். 'அந்தச் சொல்லை அவன் சரியாகச் சொல்லிக் கொடுத்தானா?' என்று கேட்கிற பிள்ளை வேறு மாதிரி வளர்கிறான். வீட்டில் பிள்ளைகள் இந்தப் படங்களைப் பார்த்தால் போனைப் பறிக்காமல் உம்மாவும் வாப்பாவும் கொஞ்சம் பக்கத்தில் உட்காருங்கள். முடிந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: ப்ரொக்ஸிமஸ் சொன்னதும் சீசர் சொன்ன அதே சொல்தானே, பிறகு ஏன் பிழையாகிப் போனது?

பிள்ளைகள் சொல்லும் பதிலை நமக்கும் அறியத் தாருங்கள்.